சாம்பல் என்று நான் சொன்ன கர்ட்டன்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சேர்ந்து மூன்று நல்ல கண்களோடு சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வாண்டுவும் ஆறு கண்ணும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த மூன்று என்கிற கணக்கு உன் அப்பா சொன்னது, அவருடையது இரண்டு, என்னுடையதில் இப்போதைக்குத் தேறுவது ஒன்று, இன்னொன்றுக்கு அடுத்த வியாழக்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள்.

நீ அனுப்பிய நாற்பத்திரண்டு படமும், தபாலில் போட்ட பதினாறு துணி மாதிரித் துண்டும் ஆபரேஷனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது, கண் சரியாகட்டும், நிதானமாகப் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். புது வீட்டுக்கு எதைப் போடுவது, எல்லோரும் போடுகிறார்களே என்று போட்டுவிட்டு மூன்று வருஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், இருபது வருஷம் கழித்தும் பார்க்க நன்றாக இருக்கிற மாதிரி எது என்று நீயே பார்த்துச் சொல்லம்மா, நீ சொன்னால்தான் வாங்குவேன் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, ஹாலில் இருக்கிற சாம்பல் கர்ட்டனையும் எடுத்துக்கொண்டுதான் போகிறோம், அதற்குப் பொருந்துகிற மாதிரி சுவருக்கு ஒரு கலர் சொல்லு என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் வினை. பதினொரு நாளாக நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மா குளிக்கிறாள், அம்மா தூங்குகிறாள், அம்மா மாடியில் துணி எடுக்கப் போயிருக்கிறாள் என்று உன் அப்பா சொன்னது அத்தனையும் பொய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரே நாளில் மூன்று தடவை குளிக்கிறாள் என்று சொல்லிவிட்டார், நீ பதறிப்போய் அம்மாவுக்குக் காய்ச்சலா, ஏன் இத்தனை குளியல் என்று கேட்டாயாம், அதன் பிறகுதான் மனுஷன் பயந்துபோய், பேச மாட்டேன் என்றால் எழுதவாவது எழுது என்று காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தார். கடிதமாக எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. துணியின் நிறத்தைப் போனில் காட்ட முடியாது, நான் ஒன்றைக் காட்ட நீ ஒன்றைப் பார்ப்பாய், போதும் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு. அதனால் மாதிரித் துண்டுகளையே இந்தக் காகிதத்தில் குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறேன், வாண்டுவின் கைக்கு எட்டாமல் பிரி.

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. வலது கண்ணில் புரையை எடுத்து லென்ஸ் வைத்து இன்றோடு பதினாறு நாள். கட்டு அவிழ்த்த அன்று காலை அந்தக் கண் டாக்டர், உன் வயதுதான் இருக்கும் அவளுக்கு, என்ன தெரிகிறது என்று கேட்டாள். அவள் போட்டிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை, உள்ளுக்குள் மெல்லிசாக நீலம் ஓடுகிற வெள்ளை. வெள்ளையில் இத்தனை நீலம் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வாசலில் கவிழ்த்து வைத்திருந்த வாளி, சாலையில் புதிதாகப் போட்ட கோடு, நின்றிருந்த காருக்கு அடியில் கிடந்த நிழல், எல்லாம் கழுவித் துடைத்து அப்போதுதான் எடுத்து வைத்தது போல. நிழலுக்கு நிறம் உண்டு, தெரியுமா, அதுவும் நீலம்தான். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டோம், உன் அப்பா எழுப்பவில்லை, தூங்குகிறேன் என்று நினைத்தாராம். கண்ணைத் திறந்துகொண்டு அப்படி நான் கிடப்பேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

வீட்டுக்கு வந்து ஹாலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. வெளிச்சம் ஜன்னலில் இருந்து தரைக்கு வந்து, தரையில் இருந்து மேஜைக் காலில் ஏறி, சுவருக்குப் போய், கரைந்துபோகிற வரைக்கும் பார்த்தேன். கர்ட்டன் தைப்பதற்காக முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் வீட்டு ஜன்னலை அளந்தவள், என் வீட்டு ஜன்னல் வழியாக வெளிச்சம் எப்படி உள்ளே நடந்து வருகிறது என்று ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. உன் அப்பா டீ கொண்டுவந்து கொடுத்தார். அவர் தலையைப் பார்த்து அதிர்ந்துபோய்விட்டேன். ஏதோ பழுப்பும் நரையுமாக இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன், சுத்தமாக வெளுத்துப்போயிருக்கிறது. எப்போது இப்படி நரைத்தீர்கள் என்று கேட்டேன். நீ பார்க்காதபோது என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இன்னொரு வேடிக்கை கேள். இடது கண் இன்னும் பழைய கண்தான். வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் இந்த வீட்டில் எப்போதும் சாயங்காலம், எல்லாவற்றின் மேலும் மஞ்சளாக ஒரு வெயில், ஓரங்கள் எல்லாம் கரைந்து மெத்து மெத்தென்று இருக்கின்றன. இடது கண்ணை மூடினால் அதே வீட்டில் காலை ஏழு மணி. ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி சாயங்காலத்துக்கும் காலைக்கும் போய்ப் போய் வருகிறேன். இதையே நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் தன்னைப் பார்த்து நீ கண்ணடிப்பதாக நினைத்துக்கொள்ளப் போகிறார் என்கிறார் உன் அப்பா.

ஐந்தாம் நாள்தான் உன் படங்களை டிவியில் பெரிதாகப் போடச் சொன்னேன். மூன்றாவதோ நான்காவதோ படத்தில் வாண்டு ஒரு கையில் பொம்மையோடு உங்கள் ஹாலில் நிற்கிறாள், பின்னால் தரை வரைக்கும் ஒரு கர்ட்டன். கத்தரிப்பூ நிறம். சாதாரணக் கத்தரிப்பூ இல்லை, கண்ணைப் பிடித்து இழுத்து வைத்து அறைகிற கத்தரிப்பூ. நான் உன் அப்பாவிடம், பார்த்தீங்களா, நான் தைத்துக் கொடுத்த சாம்பலைக் கழற்றிவிட்டு எதையோ மாட்டியிருக்கிறாள், போகட்டும், அவள் வீடு, அவள் இஷ்டம் என்றேன். அவர் அடுத்த படத்துக்குப் போகப் பார்த்தார். அப்புறம்தான் மேலே மடிப்பைப் பார்த்தேன். மூன்று மூன்றாகக் கிள்ளிப் பிடித்த மடிப்பு, இடமிருந்து நான்காவது மட்டும் ஒரு நூல் தடிமன், அங்கே துணியை ஒட்டுப் போட்டேன். தன் கையெழுத்து ஒருத்திக்குத் தெரியாதா. அது நான் தைத்தது. அது என்ன கலர் என்று கேட்டேன். சாம்பல் என்றார். மறுபடியும் கேட்டேன். குழாயை மூடாமல் வந்துவிட்டேன் போலிருக்கிறது என்று எழுந்து போனார். குழாய் அத்தனை நேரமும் மூடித்தான் இருந்தது. சாயம் வெளுத்துவிட்டது, பூசி மெழுகாமல் உண்மையைச் சொல்லுங்கள் என்று சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்ற பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது.

நீங்கள் அங்கே முதல் வீடு பார்த்தபோது ஊரெல்லாம் ஆஷ் கலர் பைத்தியம் பிடித்துத் திரிந்த வருஷம். சோபா ஆஷ், சுவர் ஆஷ், கால்மிதி கூட ஆஷ். வருகிறவர்களிடம் எல்லாம் நான் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன், இந்த வருஷம் கடை முழுக்க எது தொங்குகிறதோ அதை வாங்காதீர்கள் என்று. அப்படிச் சொன்னவளே, என் மகள் வெளியூரில் நாலு பேர் வந்து போகிற இடத்தில் இருக்கிறாள், பழசாகத் தெரியக்கூடாது என்று ஆசைப்பட்டு ஆஷ் எடுக்கப் போனேன். கடை விளக்கு மஞ்சள், என் கண்ணும் மஞ்சள். துணியைப் பிரித்துப் போட்ட பெண், அம்மா இது சாம்பல் இல்லை, கத்தரிப்பூ என்று நல்லவிதமாகத்தான் சொல்லியிருக்கிறாள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நீ பிறக்கும் முன்பிருந்தே நான் துணி பார்க்கிறேன் என்று அவள் வாயை அடைத்துவிட்டு வாங்கி வந்தேன். தைத்து அனுப்பினேன். நீ போனில், ரொம்ப நல்லா இருக்கும்மா, சாம்பல் கலர் ஹாலுக்கே ஒரு களை கொடுத்திருக்கு என்றாய். அன்றைக்கு எத்தனை பேரிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன் தெரியுமா.

அதற்குப் பிறகு நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து கத்தரிப்பூவுக்குச் சாம்பல் என்று பெயரே வைத்துவிட்டீர்கள். உன் அப்பா போன மழைக்குக் கடையில் போய்ச் சாம்பல் குடை கேட்டு, கடைக்காரர் சாம்பலை எடுத்துக் காட்ட, இது இல்லை, சாம்பல் வேண்டும் என்று தகராறு செய்து கத்தரிப்பூக் குடையோடு வந்திருக்கிறார். அவரை அறியாமலே வாயில் வந்துவிட்டதாம். அதுவாவது போகட்டும். வாண்டுவுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிற டீச்சர் கத்தரிக்காய்ப் படத்தைக் காட்டி என்ன நிறம் என்று கேட்டதற்கு இவள் சாம்பல் என்றாளாம், டீச்சர் இல்லை என்றதும், எங்க வீட்டுல அதுக்குப் பேரு சாம்பல்தான் என்று காலை உதைத்து அழுதாளாம். இதைச் சொல்லும்போது உன் அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஏன் என்று உனக்குச் சொல்லத்தான் வேண்டும். ஒரு தப்பான துணி வாங்கியதற்காக நான் அழவில்லை, தொழிலில் அதெல்லாம் சகஜம். நீ இப்போது நாற்பத்திரண்டு படம் அனுப்பிக் கேட்டிருக்கிறாயே, அது நிஜமாகவே கேட்பதா, இல்லை ஒப்புக்குக் கேட்பதா என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. சின்னக் குழந்தையிடம் இந்தச் சட்டை போடலாமா அந்தச் சட்டை போடலாமா என்று கேட்டுவிட்டு நம் கையில் இருக்கிறதையே போட்டுவிடுவோமே, அந்தக் கேள்வியா இது? நான் வாழ்நாளில் பெரிதாகப் படித்ததில்லை, சேர்த்து வைத்ததும் இல்லை. ஒரு ஜன்னலைப் பார்த்தால் அதற்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியும், அது ஒன்றுதான் என்னுடையது. அதை நீங்கள் எல்லோரும் ஐந்து வருஷமாக எனக்குத் தெரியாமல் ஒரு ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, வாயால் மட்டும் அம்மா சொன்னால் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களா என்று நினைத்தபோது எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் பல் டாக்டர் அம்மா வீட்டுக்குப் போனேன். உனக்கு நினைவிருக்கும், மூலைத் திருப்பத்தில் பச்சைக் கதவு வீடு, நான் தைத்ததில் இன்னும் தொங்குகிற கர்ட்டன்களிலேயே பழையது அங்கேதான் இருக்கிறது, பதினேழு வருஷம். அதைப் புதுக் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. அந்த நாளில் அவள் எந்தப் புத்தகத்தையும் எந்தப் படத்தையும் காட்டவில்லை, தன் பழைய மழைக்கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் போட்டு, எனக்கு இந்தக் கலரில்தான் வேண்டும், வெளியே மழை பெய்யும்போது உள்ளே இருக்கிற மாதிரி இருக்கும் என்றாள். ஊரெல்லாம் பொன்சரிகை போட்ட வலைத்துணி கேட்ட காலம் அது, நானே உள்ளுக்குள் சிரித்தேன். பொன்சரிகை மாட்டின வீடுகள் எல்லாம் அதன் பிறகு நான்கு தடவை மாற்றியாகிவிட்டது. இவளுடையது ஓரத்தில் வெளுத்து, நடுவில் அப்படியே, மழைக்கு முந்தின வானம் போல நிற்கிறது. அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பிறகு அவளே சொன்னாள், சமையலறைக்கு நீங்கள் தைத்துக் கொடுத்தது தப்பான கலர், நான் அன்றைக்கே திருப்பி அனுப்பினேன், நீங்கள் கடைக்காரன் துணிக்கட்டை மாற்றிவிட்டான் என்று கோபப்பட்டுவிட்டு வேறு தைத்துக் கொடுத்தீர்கள், ஆறு வருஷம் இருக்கும் என்று. எனக்குச் சுரீர் என்றது. அசலாள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாள். என் வீட்டு ஆட்கள் சொல்லவில்லை.

வந்து இதையும் உன் அப்பாவிடம் கேட்டேன். அப்போதிருந்துதான் அவருக்குச் சந்தேகமாம். அதற்குப் பிறகு நான் கடைக்குப் போகும்போதெல்லாம் பை தூக்குகிற சாக்கில் கூடவே வந்து, துணிக்கட்டின் முனையில் ஒட்டியிருக்கிற சீட்டைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்து, தப்பாக இருந்தால், இதுல அழுக்கு இருக்கு, வேற எடு என்று கடைப்பையனிடம் சொல்லிவிடுவாராம். நான் இந்த மனுஷனுக்கு எங்கே பார்த்தாலும் அழுக்குதான் தெரிகிறது என்று திட்டியிருக்கிறேன். லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன், ரிட்டயராகி வந்து இப்படி ஒரு வேலை பார்த்திருக்கிறார். உன் கர்ட்டனுக்குத் துணி எடுத்த அன்று மட்டும் அவருக்குக் காய்ச்சல், வரவில்லை. உன்னிடம் அப்போதே போனில் கேட்டாராம், சொல்லிவிடட்டுமா என்று. நீ சொன்ன பதிலை அவர் அப்படியே சொன்னார், "அம்மாவுக்கு அவங்க கண்ணுதாம்ப்பா எல்லாமே. அதைப் போய்த் தப்புன்னு நான் எப்படிச் சொல்றது? தொங்கிட்டுப் போகட்டும், விடுங்க." இதைக் கேட்டதும் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கர்ட்டனைப் புது வீட்டுக்குக் கொண்டுபோகாதே. அம்மா தைத்தது என்று சப்பைக்கட்டு கட்டாதே. இது தைத்தவளே சொல்வது. அதற்குப் பொருந்துகிற சுவர் உலகத்தில் கிடையாது, எந்தச் சுவரைப் பக்கத்தில் வைத்தாலும் சண்டைக்குத்தான் போகும். அடியில் நான்கு விரல் மடிப்பு உள்ளே விட்டுத் தைத்திருக்கிறேன், அடுத்த வீட்டில் ஜன்னல் உயரமாக இருந்தால் பிரித்து இறக்கிக்கொள்ளலாம் என்று எப்போதும் விடுவதுதான், அதையும் சேர்த்துப் பிரித்தால் வாண்டு ஒளிந்து விளையாட ஒரு கூடாரம் தைக்கும் அளவுக்குத் துணி வரும்.

உன் படங்களுக்கு வருகிறேன். சுவரில் பலகைப் பட்டைகளை வரிசையாக அடித்திருக்கிறது ஒன்று, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, துடைக்கப் போகிறவள் நீ. சுவரில் பாதிக்கு ஒரு வளைவு வரைந்து உள்ளே செங்கல் நிறம் அடித்திருக்கிறதே, அது இரண்டு வருஷம் தாங்கும், அடிக்க ஆசையாக இருந்தால் அடி, பெயிண்ட் தானே, ஆனால் அது நிற்கும் என்று நினைத்து அடிக்காதே. வீடு என்று எழுத்தெழுத்தாகச் செதுக்கி மாட்டுகிற பலகையை மாப்பிள்ளை குறித்து வைத்திருக்கிறார், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது வீடு என்று யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை என்று நான் சொன்னதாகச் சொல், கோபித்துக்கொள்ள மாட்டார். கதவே இல்லாத அலமாரி உனக்குச் சரிவராது, உன் அலமாரி லட்சணம் எனக்குத் தெரியும். கண்ணால் மட்டும் பார்க்கிறதில் கையை இறுக்கிப் பிடி, தினமும் கை படுகிறதில் தாராளமாக இரு. கதவுப்பிடி, கர்ட்டன் கம்பி, சாப்பாட்டு மேஜையின் விளிம்பு, நீ முழங்கையை ஊன்றுகிற இடம். இவை எல்லாம் ஒன்றுக்கு ஒன்று மேட்ச் ஆக வேண்டும் என்று அலையாதே, நான் போன வீடுகளில் எல்லாம் மேட்ச் ஆகியிருந்த வீடுதான் முதலில் அலுத்துப்போனது, ஒன்று பழசானதும் மொத்தமும் பழசாகிவிடும். ஒரு மூலையை ஒன்றுமே வைக்காமல் விடு, வெளிச்சம் வந்து உட்காரும். எந்தத் துணியையும் கடையில் பார்த்து முடிவு செய்யாதே, ஒரு முழம் வாங்கி வந்து ஜன்னலில் குத்தி, காலையும் மத்தியானமும் விளக்கு போட்ட பிறகும் ஒரு வாரம் பார். என்ன செய்ய, ஊருக்கெல்லாம் இதைச் சொன்னவள்தான் உன் கர்ட்டனைக் கடை விளக்கில் பார்த்து வாங்கினேன்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் நான் என்னுடையதையும் சொல்லிவிட வேண்டும். நீ இரண்டாம் தடவை வந்தபோது ஒரு கடிகாரம் கொண்டுவந்தாயே, எண்ணே இல்லாமல் வட்டமாக, கருப்பாக, இரண்டு முள் மட்டும். இதுதாம்மா இப்போ எல்லா வீட்லயும் என்று நீ ஆசையாக மாட்டினாய். அருமையாக இருக்கிறது என்று நானும் சொன்னேன். எனக்கு அது முதல் நாளே பிடிக்கவில்லை கண்ணு. அதில் நான் ஒரு நாள் கூட மணி பார்த்ததில்லை, உன் அப்பா கையைத் திருப்பி அவர் வாட்சில்தான் பார்ப்பேன். ஆனாலும் யார் வந்தாலும் என் மகள் கொடுத்தது என்று அதன் கீழே நின்று காட்டுவேன். உங்களைக் குறை சொல்ல உட்கார்ந்தவளுக்கு இது நேற்றுச் சாயங்காலம்தான் உறைத்தது. உடனே உன் அப்பாவை ஸ்டூலில் ஏற்றி அதைக் கழற்றச் சொன்னேன். குனியக்கூடாது, தூக்கக்கூடாது என்று எனக்குத்தான் ஆயிரம் கட்டளை போட்டிருக்கிறாளே டாக்டர்.

கழற்றின இடத்தில் சுவரில் ஒரு வட்டம். சுற்றிலும் வெயிலில் வெளுத்து, புகை படிந்து ஏதோ ஒரு நிறமாக ஆகிவிட்ட சுவர், நடுவில் அந்த வட்டம் மட்டும் அடித்த நாள் போல. நீ முதல் வேலைக்குப் போன வருஷம் நான் தேர்ந்தெடுத்து அடித்தது. கண் நன்றாக இருந்த காலம். ஏழெட்டுச் சாம்பிளைச் சுவரில் தீற்றி வைத்து மூன்று வாரம் உன் அப்பாவின் உயிரை எடுத்தேன், அப்போது ஊரில் ரோஸ் அடித்துக்கொண்டிருந்தார்கள், இது சப்பென்று இருக்கிறது என்று உன் சித்தி கூடச் சொன்னாள். உரித்த பாதாம் பருப்பு இருக்கிறதே, அந்த நிறம். வெள்ளைக்கு அந்தப் பக்கம், மஞ்சளுக்கு இந்தப் பக்கம், தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் என்று தோன்றுகிற நிறம். வலது கண்ணால் பார்த்தேன், சரியாக இருந்தது. இடது கண்ணால் பார்த்தேன், அப்போதும் அழகாகத்தான் இருந்தது, சாயங்கால வெயில் பட்ட பாதாம். மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே நின்றேன், எத்தனை நேரம் என்று தெரியாது, கடிகாரம்தான் கீழே கிடந்ததே.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது, இரண்டு கண்ணிலும் நிற்கிற நிறம்தான் இருபது வருஷமும் நிற்கும் என்று. ராத்திரி சாப்பிட்டும் சாப்பிடாமலும் உன் மாதிரித் துண்டுகளை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், இன்று காலையும் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு கண்ணாலும் தனித்தனியாகப் பார்த்தேன். நிஜச் சாம்பல் நிறத் துண்டு இருக்கிறதே, வலது கண்ணில் நாகரிகமாக இருக்கிறது, இடது கண்ணில் கழுவாத பாத்திரம். அந்த வெளிர் ரோஸ் இடது கண்ணில் தொலைந்தே போய்விடுகிறது. நீ ஆசைப்பட்ட கடல்நீலம் ஒன்றில் பாட்டுப் பாடுகிறது, மற்றதில் அழுக்குப் பச்சை. பதினாறு துண்டில் நான்குதான் இரண்டு கண்ணிலும் நின்றது, அதைத்தான் குத்தி அனுப்பியிருக்கிறேன். மண்பானை நிறம் ஹால் ஜன்னலுக்கு, இலைப்பச்சை உங்கள் அறைக்கு, கோதுமை நிறம் சாப்பாட்டு மேஜைப் பக்கம், கோடு போட்டது வாண்டுவுக்கு. சுவருக்கு, தனியாகக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன் பார், அந்த வட்டத்தில் இருந்து உன் அப்பா சுரண்டி எடுத்த ஒரு நகத்தளவுப் பெயிண்ட். பெயிண்ட் கடையில் கொடுத்தால் அதே நிறம் கலந்து தருவார்கள்.

இவற்றை நீ வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிடித்தால் வாங்கு, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று பார்த்த அன்றைக்கே சொல். கோபப்படுவேன், இரண்டு நாள் குளிக்கவும் போவேன், ஆனால் சொல். சொல்வாய் என்று தெரிந்தால்தான் நீ கேட்டது கேள்வி, நான் சொன்னது பதில். இப்போது நான் தைக்கக்கூடாது, ஆறு வாரம் ஆக வேண்டும், அதற்குள் துணியை வாங்கி ஜன்னல் அளவோடு அனுப்பு, தைத்து அனுப்புகிறேன், இந்தத் தடவையும் அடியில் நான்கு விரல் விட்டுத்தான் தைப்பேன்.

வியாழக்கிழமை இடது கண்ணையும் சரிசெய்துவிடுவார்கள், அதற்குப் பிறகு இந்தச் சாயங்காலம் எனக்குக் கிடைக்காது. டாக்டரிடம் ஒரு வாரம் தள்ளிப்போடலாமா என்று கேட்டேன், ஏன் என்றாள், மகள் வீட்டுக்குக் கலர் பார்க்கிறேன் என்றேன், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, முடியாது என்றுவிட்டாள். அதனால்தான் அவசர அவசரமாக எழுதினேன். நீங்கள் மூன்று பேரும் அந்த வீட்டில் நோய் நொடி இல்லாமல், மனசில் இருப்பதை வாய்விட்டுப் பேசிக்கொண்டு நிறைவாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். குண்டூசி நான்கு இருக்கிறது, எடுத்ததும் எண்ணிப் பார். நீயும் ஒரு நாள் என் வயதுக்கு வருவாய், உன் கண்ணிலும் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் ஏறும், அப்போது அந்த ஹாலில் உட்கார்ந்து என்ன பார்ப்பாய் என்று இன்று காலை இடது கண்ணால் பார்த்துவிட்டேன், அழகாக இருந்தது.

இப்படிக்கு,
உன் மேல் மீதிப் பாதிக் கோபமும் இல்லாத,
அம்மா